போர்ட் திறந்தாச்சு, ஆனால் வரவில்லை: லினக்ஸ் சர்வர் ஃபயர்வாலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

சின்ன நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்; எந்த வாசலில் யாரை விடுவது என்ற ரூல்களை வைத்திருப்பது ஃபயர்வால். மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஒரே மாதிரி போன் வரும்: "அண்ணா, போர்ட்டைத் திறந்துட்டேன், வெளியிலிருந்து வரமாட்டேங்குது." நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "திரையில் என்ன வார்த்தை வருது? அப்படியே படிச்சுச் சொல்லு." டைம்டு அவுட், ரெஃப்யூஸ்டு, நோ ரூட் டு ஹோஸ்ட் ஆகிய மூன்றில் எது வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் தேடவேண்டிய இடம் மாறும். அதைக் கேட்காமல் ரூல் மேல் ரூலாகப் போட்டுக்கொண்டே போனால், பிழை அப்படியே இருக்கும், சர்வர் மட்டும் ஓட்டையாகும்.

கட்டளைகளைப் போனில் சொல்லித் தருவதுபோல ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

கை வைக்கும் முன்

இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சன்னலை மூடாதீர்கள். சோதிப்பதற்கு இன்னொரு சன்னல் திறந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைப் பெரும்பாலான ஃபயர்வால் அமைப்புகள் வெட்டுவதில்லை. புதிதாக வருவதைத்தான் தடுக்கும். அதனால்தான் தப்பான ரூல் போட்டவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. வெளியே வந்துவிட்டு மறுபடி நுழையும்போதுதான் கதவு பூட்டியிருப்பது தெரியும்.

அடுத்து, சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரின் வலைப்பக்கத்தில் கன்சோல் (எஸ்எஸ்ஹெச் இல்லாமலே சர்வரின் திரைக்குப் போகும் வழி) இருக்கிறதா, அதில் நுழைய உங்களிடம் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கீ ஃபைலை மட்டும் வைத்து நுழைபவர்கள் பலருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. கன்சோல் திறக்கும், லாகின் கேட்கும், அங்கேயே நிற்க வேண்டியதுதான். 'சூடோ பாஸ்டபிள்யூடி' என்பதற்குப் பக்கத்தில் உங்கள் பயனர் பெயரையும் போட்டு, ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபயர்வால் ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ, அது நிறுவப்பட்டே வரும், ஆனால் நாம் இயக்கும்வரை ஓடாது. ரெட் ஹேட், அல்மா, ராக்கி, ஃபெடோரா வகைகளில் ஃபயர்வால்டி. இரண்டும் ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், முதலில் ஒன்றை நிறுத்துங்கள். முன்னால் பார்த்தவர் ஒன்றைப் போட்டு, பின்னால் வந்தவர் தனக்குப் பழகிய இன்னொன்றையும் போட்டுவிட்டுப் போன சர்வர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: நெடுநேரம் சுற்றிவிட்டு "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்கிறது

அனுப்பிய பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) வழியில் யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். யார் என்பதுதான் கேள்வி.

முதலில் ஐபி (சர்வரின் எண் முகவரி) சரிதானா என்று பாருங்கள். சர்வரை மாற்றிய பிறகு டொமைன் இன்னும் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. 'டிக்' கட்டளைக்குப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால் எந்த ஐபி என்று வந்துவிடும்.

ஐபி சரி என்றால் 'சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் வெர்போஸ்'. உங்கள் போர்ட் பட்டியலில் இருக்கிறதா? பக்கத்தில் டிசிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் யூடிபி (டேட்டா அனுப்பும் இன்னொரு முறை) என்று இருக்கிறதா? "எனிவேர்" என்பதற்குப் பதிலாக ஏதாவது ஒரு ஐபி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பேரின் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அலுவலக ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள். மின்சாரம் போய் மோடம் மறுபடி எழுந்திருக்கும்போது ஐபி மாறியிருக்கும். "நேற்றுவரை வந்தது, இன்று வரவில்லை, நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை" என்று சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ரூலும் சரியாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு டிசிபிடம்ப்பைத் திறங்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகமாகக் கைகொடுத்த கருவி இதுதான். உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் பார்ப்பதற்கு முன்பே இது பார்த்துவிடும். சர்வரில் 'சூடோ டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 8080' என்று (8080-க்குப் பதில் உங்கள் போர்ட் எண்) ஓடவிட்டு, வெளியில் ஒரு கணினியிலிருந்து இணைப்பு கொடுங்கள். மொபைல் டேட்டாவில் கொடுத்தால் இன்னும் நல்லது. திரையில் ஓடும் வரிகளில் ஃப்ளாக்ஸ் என்ற சொல்லை அடுத்து, சதுர அடைப்புக்குள் ஓர் எழுத்து வரும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

*ஒரு வரியும் வரவில்லை.* பாக்கெட் சர்வர் வாசலுக்கே வரவில்லை. சர்வரில் இனி எந்த ரூலையும் தொடாதீர்கள், பிழை வெளியே இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போங்கள். அமேசானில் செக்யூரிட்டி குரூப், அஸூரில் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப், கூகுளில் விபிசி ஃபயர்வால் ரூல் என்று பெயர்தான் மாறும், வேலை ஒன்றுதான். அஸூரில் இது சப்நெட்டுக்கு (வலையின் ஒரு பகுதிக்கு) ஒன்று, நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கலாம். இரண்டும் அனுமதித்தால்தான் உள்ளே வரும். அங்கேயும் திறந்திருந்தால் இணைப்பு கொடுக்கும் பக்கத்தைப் பாருங்கள். சில அலுவலக வலைகளும் விடுதி வைஃபைகளும் 80, 443 தவிர மற்றவற்றுக்கு வெளியே போகவே விடாது.

*எஸ் என்ற எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.* ஒரு விநாடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். வந்தவர் கதவைத் தட்டுகிறார், உள்ளிருந்து பதில் இல்லை. தடுப்பது உங்கள் சர்வரின் ஃபயர்வால்தான். யூஎஃப்டபிள்யூ என்றால் வார் லாக் கோப்புறையில் அதன் பெயரிலேயே இருக்கும் பதிவைப் பாருங்கள். "யூஎஃப்டபிள்யூ பிளாக்" என்ற சொல்லும் டிபிடி என்பதற்குப் பக்கத்தில் போர்ட் எண்ணும் இருக்கும்.

*எஸ் வருகிறது, எஸ்ஸும் பக்கத்தில் ஒரு புள்ளியுமாகப் பதிலும் போகிறது, ஆனாலும் அந்தப் பக்கம் டைம்டு அவுட்.* திரும்பும் வழியில் தடை. அமேசானில் செக்யூரிட்டி குரூப்புக்கு மேல் நெட்வொர்க் ஏசிஎல் என்று ஒன்று உண்டு. அது போகும் இணைப்பையும் வரும் பதிலையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாது. வெளியே போகும் பதிலுக்கு 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களைத் தனியாக அனுமதிக்க வேண்டும். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்து, ஒன்றில் வந்தது மற்றொன்றின் வழியே திரும்புவதாலும் இப்படி ஆகும். இந்த இரண்டாவது வகை உங்களுக்குப் புதிது என்றால் நெட்வொர்க் தெரிந்தவரை அழைத்துவிடுங்கள். ரூட்டிங்கில் கைவைத்து எஸ்எஸ்ஹெச்சையும் இழந்தவர்கள் உண்டு.

அறிகுறி 2: உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்கிறது

பெரும்பாலும் இது ஃபயர்வால் பிரச்சினையே அல்ல. பாக்கெட் உள்ளே வந்தது, அந்த போர்ட்டில் ஆள் இல்லை என்று சர்வரே சொல்லி அனுப்பிவிட்டது.

'சூடோ எஸ்எஸ்' என்று அடித்து, ஒரு சிறுகோடு போட்டு டி, யூ, எல், என், பி என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த நிரல் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும்.

*உங்கள் போர்ட் பட்டியலிலேயே இல்லை.* சேவை ஓடவில்லை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' பாருங்கள், 'ஜர்னல்சிடிஎல் -யூ' போட்டு அந்தச் சேவையின் கடைசி வரிகளைப் படியுங்கள். ரெட் ஹேட் வகை சர்வரில் என்ஜின்எக்ஸை 8085 மாதிரி வழக்கமில்லாத போர்ட்டுக்கு மாற்றியிருந்தால், "பெர்மிஷன் டினைடு" என்று எழுதியிருக்கும். அது செலினக்ஸ் (லினக்ஸுக்குள் இருக்கும் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) தடுப்பது. 'செமானேஜ் போர்ட்' கட்டளையால் அந்த எண்ணை ஹெச்டிடிபி போர்ட் வகையில் சேர்த்தால் போதும். 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று செலினக்ஸையே தளர்த்திவிட்டு, வேலை நடந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.

*இருக்கிறது, ஆனால் 127.0.0.1 என்று தொடங்குகிறது.* அது சர்வருக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முகவரி. ஃபயர்வாலில் எத்தனை ரூல் போட்டாலும் வெளியிலிருந்து வராது. 0.0.0.0 என்றோ நட்சத்திரக் குறி என்றோ இருந்தால்தான் வெளியாரை ஏற்கும். நோட், பைத்தான் செயலிகளில் ஹோஸ்ட் என்ற அமைப்பை மாற்ற வேண்டும்.

டேட்டாபேஸ் என்றால் மட்டும் இங்கே நிறுத்துகிறேன். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் உள்முகவரியில் மட்டும் காத்திருப்பது தவறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். 3306-ஐயும் 5432-ஐயும் உலகத்துக்குத் திறக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. வீட்டிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும் என்றால் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போதும்: 'எஸ்எஸ்ஹெச்', சிறுகோடும் பெரிய எல்லும், அடுத்து 3307:127.0.0.1:3306, அப்புறம் வழக்கமான பயனர் பெயரும் சர்வர் முகவரியும். உங்கள் கணினியில் 3307-ஐத் தொட்டால் சர்வரின் 3306 வந்துவிடும். திறக்கவேண்டிய போர்ட் ஒன்றுகூட இல்லை.

*பட்டியலில் 0.0.0.0 என்று சரியாக இருக்கிறது, மற்றவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் ரெஃப்யூஸ்டு.* ஃபெயில்2பேன் (தவறான லாகின் முயற்சி அதிகமானால் அந்த ஐபியைத் தடுக்கும் நிரல்) உங்களையே தடை செய்திருக்கலாம். அதன் இயல்பான அமைப்பில் பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் பத்து நிமிடத் தடை. 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்டி' போட்டால் தடைப்பட்ட ஐபிகள் தெரியும். 'அன்பேன்ஐபி' போட்டு விடுவிக்கலாம். ஒரே அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே ஐபியில் இருந்தால், ஒருவர் பாஸ்வேர்டை மறந்ததற்குப் பத்துப் பேரும் வெளியே நிற்பார்கள்.

அறிகுறி 3: "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்கிறது, ஆனால் பிங் போகிறது

இந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு ரூட்டரைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, எஸ்எஸ்ஹெச் வருகிறது, ஒரு போர்ட் மட்டும் இப்படிச் சொல்கிறது என்றால் அது ஃபயர்வால்தான். யூஎஃப்டபிள்யூ இயல்பாகப் பாக்கெட்டைக் கீழே போடும். ஃபயர்வால்டி அப்படி இல்லாமல் "அனுமதி இல்லை" என்று ஐசிஎம்பி (வலையின் பிழைச் செய்திகளும் பிங்கும் போகும் முறை) செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைத்தான் லினக்ஸ் கணினி "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று நமக்குக் காட்டுகிறது.

'ஃபயர்வால்-சிஎம்டி --கெட்-ஆக்டிவ்-ஜோன்ஸ்' போடுங்கள். உங்கள் நெட்வொர்க் கார்டு எந்த ஜோனில் (ரூல் தொகுப்பில்) இருக்கிறது? நீங்கள் பப்ளிக் ஜோனில் போர்ட்டைச் சேர்த்திருப்பீர்கள், கார்டு வேறொரு ஜோனில் இருக்கும். ஒருவர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பக்கத்து வீட்டு சுவிட்சைப் போடுவது போலத்தான். கார்டு இருக்கும் ஜோனின் பெயரைக் கொடுத்து '--லிஸ்ட்-ஆல்' பார்த்து, அங்கே சேருங்கள்.

ஆரக்கிள் கிளவுடில் உபுண்டு எடுத்தவர்களுக்கு இது இன்னொரு வடிவில் வரும். வலைப்பக்கத்தில் போர்ட்டைத் திறந்திருப்பார்கள், யூஎஃப்டபிள்யூவும் ஓடாது, ஆனாலும் இதே செய்தி. அந்த இமேஜில் (தயாராகக் கிடைக்கும் உபுண்டுப் பிரதியில்) ஐபிடேபிள்ஸ் (யூஎஃப்டபிள்யூவுக்கு அடியில் இருக்கும் லினக்ஸின் ஃபயர்வால் கருவி) ரூல்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு வருகின்றன, கடைசி வரி "ரிஜெக்ட்". 'ஐபிடேபிள்ஸ் -ஏ' என்று போட்டால் உங்கள் ரூல் அந்த ரிஜெக்டுக்குக் கீழே போய் உட்காரும், அதுவரை எந்தப் பாக்கெட்டும் இறங்கி வராது. பெரிய ஐ போட்டு, வரிசை எண் கொடுத்து, ரிஜெக்டுக்கு மேலே நுழைக்க வேண்டும்.

எந்த ரூல் தடுக்கிறது என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'சூடோ ஐபிடேபிள்ஸ் -எல் இன்புட் -என் -வி --லைன்-நம்பர்ஸ்' போடுங்கள்; எல், இன்புட் இரண்டும் பெரிய எழுத்து; இன்புட் என்பது சர்வருக்குள் வரும் பாக்கெட்டுக்கான ரூல் வரிசை. ஒவ்வொரு ரூலின் இடப்பக்கமும் எத்தனை பாக்கெட் அதில் பட்டது என்று எண் இருக்கும். குறித்துக்கொண்டு, வெளியிலிருந்து நாலைந்து முறை இணைப்பு கொடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எந்த வரியின் எண் ஏறியதோ அதுதான் ஆள். சர்வருக்கு வேறு போக்குவரத்து அதிகம் இருந்தால் இது குழப்பும், இரவில் செய்யுங்கள்.

அறிகுறி 4: வேலை செய்தது; ரீபூட் ஆனதும் போய்விட்டது

ஃபயர்வால்டி என்றால் '--பெர்மனன்ட்' போட மறந்திருப்பீர்கள். அது இல்லாமல் சேர்த்தது உடனே வேலை செய்யும், ரீலோடிலோ ரீபூட்டிலோ மறைந்துவிடும். அதைப் போட்டுச் சேர்த்தால் கோப்பில் ஏறும், ஆனால் ரீலோட் செய்யும்வரை வேலை செய்யாது. நான் கடைப்பிடிப்பது இப்படி: முதலில் அது இல்லாமல் சேர்த்துச் சோதிப்பேன். சரியாக இருந்தால் 'ஃபயர்வால்-சிஎம்டி --ரன்டைம்-டு-பெர்மனன்ட்'. தப்பாகப் போயிருந்தால் ஒரு ரீலோட், பழைய நிலை வந்துவிடும்.

வெறும் ஐபிடேபிள்ஸ் என்றால் ரூல்கள் நினைவகத்தில் மட்டுமே இருந்தன. டெபியன், உபுண்டுவில் ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டென்ட் நிறுவி, 'நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டென்ட் சேவ்' செய்ய வேண்டும். நிறுவும்போது "இவை நீக்கப்படும்" என்று ஆப்ட் காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு ஒய் அடியுங்கள். புதிய பதிப்புகளில் இதுவும் யூஎஃப்டபிள்யூவும் சேர்ந்து இருக்காது; ஒன்று வந்தால் மற்றது போய்விடும்.

அறிகுறி 5: எஸ்எஸ்ஹெச்சே நுழைய முடியவில்லை

ஒரு கடையின் பில்லிங் சர்வர். இரவு பதினொன்றரைக்குப் போன். "ரூல் எல்லாம் குழப்பமா இருந்துச்சுண்ணா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடலாம்னு 'ஐபிடேபிள்ஸ் -எஃப்' அடிச்சேன். திரை அப்படியே நின்னுடுச்சு." நடந்தது இதுதான்: பெரிய எஃப் ரூல்களை அழிக்கும், அடிப்படைக் கொள்கையைத் தொடாது. அந்தச் சர்வரில் இன்புட்டின் கொள்கை டிராப். எஸ்எஸ்ஹெச்சை அனுமதித்த ரூலும், ஓடும் இணைப்பை விட்டுவைத்த ரூலும் அழிந்தன, டிராப் மட்டும் மிஞ்சியது. அழிப்பதற்கு முன் 'ஐபிடேபிள்ஸ் -பி இன்புட் அக்செப்ட்' என்ற ஒரு வரியை, பெரிய பி போட்டு, அடித்திருந்தால் தூங்கியிருக்கலாம்.

இதிலிருந்து மீள்வதற்கு, மலிவானதில் தொடங்கி:

ரூல்களைச் சேமிக்காமல் வெறும் ஐபிடேபிள்ஸில் செய்திருந்தால், வலைப்பக்கத்திலிருந்து ஒரு ரீபூட் போதும். அன்றிரவு அந்தக் கடைக்கு இதுவே தீர்த்தது. யூஎஃப்டபிள்யூவோ சேமித்த ரூலோ என்றால் ரீபூட் உதவாது. கன்சோலில் நுழைந்து 'யூஎஃப்டபிள்யூ அலவ் 22/டிசிபி' அடியுங்கள். கன்சோலுக்குப் பாஸ்வேர்டு இல்லையென்றால் ரெஸ்க்யூ நிலையில் சர்வரை எழுப்பி, வட்டை மவுண்ட் செய்து, இடிசி கோப்புறைக்குள் யூஎஃப்டபிள்யூ கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்பில் "எனேபிள்டு" என்பதை "நோ" ஆக்குங்கள். ரெஸ்க்யூ, மவுண்ட் இரண்டும் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், டேட்டா இருக்கும் வட்டில் பழகாதீர்கள். தெரிந்தவரை அழைக்க வேண்டிய இடம் இது. அவர் வாங்கும் கூலி, போன டேட்டாவை மீட்பதற்கு ஆகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஃபயர்வாலை மாற்றவே இல்லை, எஸ்எஸ்ஹெச் போர்ட்டைத்தான் மாற்றினீர்கள் என்றால் வேறு கதை. உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச்சுக்காகக் காத்திருப்பது சிஸ்டம்டியின் (சேவைகளை இயக்கும் அமைப்பின்) சாக்கெட். 24.04-இல் எஸ்எஸ்ஹெச்டி அமைப்புக் கோப்பில் போர்ட்டை மாற்றிய பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்', அடுத்து 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்' இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய 22-லேயே இருக்கும். நீங்கள் 22-ஐ ஃபயர்வாலில் மூடியும் இருப்பீர்கள்.

இனி இப்படி ஆகாமலிருக்க, தொலைவிலிருந்து ஃபயர்வாலைத் தொடும்போதெல்லாம் தானாகத் திறக்கும் ஓர் ஏற்பாடு வைத்துவிட்டுத் தொடுங்கள். டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடும் நிரல்) சன்னலில் ரூட்டாக இருந்து 'ஸ்லீப் 300' போட்டு, ஓர் அரைப்புள்ளிக்குப் பின் 'யூஎஃப்டபிள்யூ டிசேபிள்' என்று ஓடவிட்டால், ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் அணைந்து கதவு திறந்துவிடும். புதிய சன்னலில் நுழைய முடிந்தது என்று பார்த்த பிறகு அதை நிறுத்திவிடுங்கள். ஃபயர்வால்டியில் ஒரு போர்ட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து சோதிக்க '--டைம்அவுட்=5எம்' என்று உள்ளேயே வசதி இருக்கிறது.

அறிகுறி 6: மூடிய போர்ட் வெளியே திறந்தே இருக்கிறது

மற்ற அறிகுறிகளில் யாராவது புகார் சொல்வார்கள். இதில் யாரும் சொல்லமாட்டார்கள்; நாமே தேடிப் பார்த்தால்தான் உண்டு. அதனால் இதுதான் எனக்குப் பெரிய கவலை. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் 27017 போர்ட்டைத் திறந்து வைத்திருந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, டேட்டாவுக்குப் பதில் பணம் கேட்கும் குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவில் தாக்குதல் நடந்தது. தாக்கியவர்கள் பயன்படுத்தியது யாரோ திறந்து விட்டிருந்த மெம்கேஷ்டு சர்வர்களின் 11211 யூடிபி போர்ட்டை. அந்தச் சர்வர்காரர்களுக்குத் தங்கள் இயந்திரம் இன்னொருவரை அடிக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

வெளியில் உள்ள ஒரு கணினியிலிருந்து 'என்மேப் -பி-' என்று உங்கள் ஐபியைக் கொடுத்து எல்லா போர்ட்டையும் பாருங்கள். உங்கள் சொந்தச் சர்வரை மட்டும்தான். "ஓப்பன்" என்று வரும் ஒவ்வொன்றுக்கும் உங்களால் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

*டாக்கர் ஓடுகிறதா?* (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் நிரல் அது.) பெரும்பாலும் அதுதான். யூஎஃப்டபிள்யூ டினை என்று காட்டும், போர்ட் திறந்திருக்கும். டாக்கர் வெளியிடும் போர்ட்டுக்கு வரும் பாக்கெட் திசைமாற்றப்பட்டு ஃபார்வர்ட் வழியே கன்டெய்னருக்குப் போய்விடுகிறது. நீங்கள் ரூல் எழுதிய இன்புட் வழியே அது வருவதே இல்லை. 'டாக்கர் பிஎஸ்' போடுங்கள். 0.0.0.0:5432 என்று இருந்தால் உங்கள் போஸ்ட்கிரஸ் தெருவில் நிற்கிறது. தீர்வு எளிது: கம்போஸ் கோப்பில் 5432:5432 என்று இருப்பதை 127.0.0.1:5432:5432 என்று மாற்றி, கன்டெய்னரை மறுபடி எழுப்புங்கள். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு போர்ட்டை வெளியிடவே தேவையில்லை, அந்த வரியை முழுதாக நீக்கினாலும் நடக்கும். சில ஐபிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்றால் டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் ரூல் எழுத வேண்டும். அங்கே பாக்கெட் வந்து சேரும்போது போர்ட் எண் கன்டெய்னரின் உள் எண்ணாக மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். வெளியே 8080, உள்ளே 80 என்றால் ரூலில் 80.

*ரூல் வரிசை.* யூஎஃப்டபிள்யூ மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 22-ஐ எல்லோருக்கும் அனுமதித்துவிட்டு, கீழே ஒரு தொல்லைக்கார ஐபிக்கு டினை எழுதினால் அது எட்டாது. 'யூஎஃப்டபிள்யூ இன்சர்ட் 1' என்று முதலில் நுழையுங்கள்.

*ஐபிவி6 (புதிய வகை, நீண்ட ஐபி முகவரி).* ஐபிடேபிள்ஸில் எழுதிய எதுவும் ஐபிவி6-க்குப் பொருந்தாது, அதற்கு ஐபி6டேபிள்ஸ் தனி. முன்வாசலைப் பூட்டிவிட்டு கொல்லைக் கதவை அப்படியே விட்ட கதை. யூஎஃப்டபிள்யூவில் இடிசி டிஃபால்ட் கோப்புறையில் உள்ள அதன் கோப்பில் "ஐபிவி6" என்பது "எஸ்" என்று இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து எழுதும். என்மேப்பையும் சிறுகோடு 6 போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

திறந்திருந்தது டேட்டாபேஸாக இருந்து, அதில் வாடிக்கையாளர் விவரமும் இருந்தால், போர்ட்டை மூடியதோடு வேலை முடியவில்லை. லாகுகளை அழிக்காமல், சர்வரை மறுபடி நிறுவாமல், பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளத் தெரிந்தவரை அழையுங்கள். யாராவது உள்ளே வந்து போனார்களா என்பதை அந்த லாகுகள்தான் சொல்லும்.

அறிகுறி 7: எல்லாம் சரி, ஆனால் சான்றிதழ் புதுப்பிக்கவில்லை, அல்லது மெயில் வெளியே போகவில்லை

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஹெச்டிடிபி-01 சோதனை (டொமைன் உங்களுடையதுதானா என்று பார்ப்பது) 80-ஆம் போர்ட்டில்தான் நடக்கும். "தளம் முழுக்க 443-இல் ஓடுகிறது, 80 எதற்கு" என்று மூடியிருப்பீர்கள். திறந்து விடுங்கள், 443-க்குத் திருப்பிவிட்டால் போதும். அவர்கள் எந்த ஐபிகளிலிருந்து சோதிக்கிறார்கள் என்று பட்டியல் வெளியிடுவதில்லை, அதனால் குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி என்பது இங்கே நடக்காது. டொமைனுக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால், அதிலும் 80 திறந்திருக்க வேண்டும்.

மெயில் போகவில்லை என்றால் சர்வருக்குள்ளிருந்து 'என்சி -விஇசட்' போட்டு, ஏதாவது ஒரு மெயில் சர்வரின் 25-ஐத் தொட்டுப் பாருங்கள். டைம்டு அவுட் என்றால் உங்கள் ஃபயர்வால் காரணமாக இருப்பது அரிது. அமேசான், கூகுள் உட்படப் பல கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் 25-ஐ இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. மெயில் ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் சேவை) ஒன்றை 587 வழியாகப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி 8: சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை

கூட்ட நேரத்தில் மட்டும் விட்டுவிட்டு வந்தால் 'டிமெசேஜ்' போட்டுப் பாருங்கள். "என்எஃப் கான்ட்ராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்று இருந்தால், ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியல் நிரம்பிவிட்டது. 'சிஸ்சிடிஎல்' மூலம் கான்ட்ராக் மேக்ஸ் எண்ணை உயர்த்தலாம். ஓடும் டிசிபி இணைப்பு ஒன்றை இது இயல்பாக 432000 விநாடி, அதாவது ஐந்து நாள், நினைவில் வைத்திருக்கும்; அதையும் குறைக்கலாம். எண்ணை உயர்த்தியும் ஒரே வாரத்தில் மறுபடி நிரம்புகிறதா? ஏதோ ஒரு செயலி இணைப்பை மூடாமல் விடுகிறது, அல்லது யாரோ தாக்குகிறார்கள். அதற்கு மேல் எண்ணை ஏற்றிக்கொண்டே போகாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

சின்னப் பக்கம் வருகிறது, பெரிய கோப்பு பாதியில் நிற்கிறது என்றால் எங்கோ ஐசிஎம்பியை முழுதாக அடைத்திருக்கிறார்கள்; "பாக்கெட் பெரிதாக இருக்கிறது" என்ற செய்தி அதில்தான் வரும். விபிஎன் இருந்தால் நிச்சயம் பாருங்கள். பிங் பிடிக்கவில்லை என்றால் பிங்கை மட்டும் தடுங்கள், ஐசிஎம்பி மொத்தத்தையும் வேண்டாம்.

சரியான பிறகு

தேடும்போது போட்ட ரூல்கள் எல்லாம் இன்னும் உள்ளே இருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று திறந்த 8080, 8081, 9000. 'யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்டு' போட்டு, தேவையில்லாதவற்றை எண் சொல்லி நீக்குங்கள். கீழிருந்து மேலாக நீக்க வேண்டும்; மேலே ஒன்றை எடுத்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று குறைந்துவிடும், அடுத்த அடியில் எஸ்எஸ்ஹெச் ரூலே போய்விடலாம். வைத்துக்கொள்ளும் ரூல்களை 'காமென்ட்' சேர்த்து, யாருக்காக, எந்தத் தேதியில் என்று மறுபடி எழுதுங்கள். என் சர்வர்களில் காமென்ட் இல்லாத ரூலைக் கண்டால், பயன்படுத்துபவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு வாரம் விசாரிப்பேன். யாரும் இல்லையென்றால் மூடிவிடுவேன்.